டர்போ காருக்கு டவுன்பைப்: பணம் கொடுப்பதற்கு முன்

தோட்டப் பள்ளி ஆசிரியருக்கும் டர்போ காருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்களில் சிலர் வியக்கக்கூடும். தொடர்பு இருக்கிறது. நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் பலர் இன்று நகரத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். சிலர் லோரி ஓட்டுகிறார்கள். சிலர் அன்றாடம் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய் வருகிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவர்களில் சிலருக்குப் பழைய ஜப்பானிய டர்போ கார் மேல் ஆசை வந்துவிடுகிறது. தீபாவளிக்கு அந்தக் கார் தோட்டத்துக்கு வரும்போது, லயத்து முனை திரும்பும் முன்பே இன்னார் மகன் வந்துவிட்டான் என்று எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு பையனின் தாயார் அண்மையில் என்னிடம் வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. "சார், காருக்கு ஒரு குழாய் வாங்கணும்னு பையன் மூவாயிரம் வெள்ளி கேக்குறான். கார்லதான் ஏற்கெனவே குழாய் இருக்கே, அது எதுக்கு இன்னொண்ணு?" என்றார். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் கேட்டது ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பைப் பற்றிய கேள்வி. பையனையே கேட்டுப் பார்த்தாராம். "எல்லாரும் போடுறாங்கம்மா" என்பதுதான் கிடைத்த பதில்.

தாயாருக்கும் தெரிய வேண்டும். வாங்கப்போகும் பையனுக்கும் தெரிய வேண்டும். ஆகவேதான் இதை எழுதலானேன்.

ஆலை டர்பைனும் கார் டர்போவும்

செம்பனை ஆலையை உள்ளே சென்று பார்த்தவர்களுக்கு டர்போவை விளக்குவது சுலபம். பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்துப் பாய்லரில் நீராவி உண்டாக்குகிறார்கள். அந்த நீராவி டர்பைன் என்னும் சக்கரத்தைச் சுழற்ற, அதோடு இணைந்த ஜெனரேட்டர் ஆலைக்கு மின்சாரம் தருகிறது. காரில் நீராவியின் வேலையை எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை செய்கிறது. அது டர்போவின் ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுபக்கத்தில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரிக்கலாம்; சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினைப் போல இழுக்கும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி என்னும் பொறியாளர் 1905-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் என்றால் நம்ப முடிகிறதா?

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலை டர்பைனைத் தாண்டி வரும் நீராவியில் சுமார் 3 பார் அழுத்தம் மிச்சமிருக்க வேண்டும். குலைகளை வேகவைக்க அந்த நீராவிதான் போகிறது. கார் டர்போவுக்கு அப்படி ஒரு தேவை கிடையாது. சக்கரத்துக்கு முன்னே அழுத்தம் மிகுந்தும் பின்னே குறைந்தும் இருப்பதால்தான் அது சுழல்கிறது. ஆகவே சக்கரத்தைத் தாண்டிய புகை எவ்வளவு தடையின்றி வெளியேறுகிறதோ அவ்வளவு சீக்கிரம் டர்போ வேகமெடுக்கும். "எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேணும்" என்று கோப்பிக்கடையில் அடித்துச் சொல்வார்கள். டர்போவுக்குப் பின்னால் இருக்கும் குழாய்க்கு அந்தப் பேச்சு பொருந்தாது.

டர்போவிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்தான் டவுன்பைப். மேலிருந்து கீழே இறங்கி, காரின் அடிவயிற்றில் ஓடும் மற்ற எக்சோஸ் குழாய்களோடு சேர்வதால் அந்தப் பெயர். கார் நிறுவனம் இதை விலை, சத்தம், சூடு, புகைச் சட்டம் எல்லாவற்றையும் பார்த்துச் செய்கிறது. எனவே கொஞ்சம் ஒடுக்கமாகவே இருக்கும். வெளிக்கடைக் குழாய் வாங்குபவர்கள் இந்த ஒடுக்கத்தைத்தான் நீக்கப் பார்க்கிறார்கள். ஆக, தாயாரின் கேள்விக்கு முதல் பதில் இது: பையன் கேட்ட குழாய் வெறும் சத்தத்துக்கானது அல்ல, அதற்கு உண்மையிலேயே ஒரு வேலை இருக்கிறது.

அந்தப் பையனின் கார் சுபாரு இம்ப்ரேசா டபிள்யூ ஆர் எக்ஸ். நம் பையன்களுக்கு இந்தக் காரின் மேல் ஏன் மோகம் என்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 1995, 1996, 1997 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலக ராலி பந்தயத்தில் தயாரிப்பாளர் பட்டத்தை சுபாரு வென்றது. ஆசிய பசிபிக் ராலியின் மலேசியச் சுற்று ஜொகூரில் நடந்தபோது, கார்கள் சீறிப் பாய்ந்தது செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலைகளில்தான். குலை ஏற்றிய லோரி போகும் அதே பாதை! நம் நாட்டு வீரர் கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டான் பெர்ட் என்னும் டர்போ காரை ஓட்டி, உற்பத்திக் கார் பிரிவில் உலகப் பட்டம் பெற்றதையும் இங்கே நினைவூட்டலாம்.

அங்குலக் கணக்கு

கடையில் முதலில் கேட்கும் கேள்வி, "இரண்டரை இஞ்சா, மூணு இஞ்சா?" என்பதாகும். அரை அங்குலம்தானே என்று தோன்றும். ஆறாம் ஆண்டு மாணவனிடம் கொடுத்தால் வேறு விதமாகச் சொல்வான். புகை போவது குழாயின் குறுக்குப் பரப்பின் வழியாக. குழாயின் தடிமனை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், இரண்டரை அங்குலக் குழாயின் பரப்பு சுமார் 4.9 சதுர அங்குலம். மூன்று அங்குலக் குழாய்க்கு 7.1. விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, பரப்போ 44 விழுக்காடு கூடிவிட்டது.

அப்படியானால் நான்கு அங்குலம் இன்னும் நல்லதா என்றால், இல்லை. டர்போவின் வாய் அதே அளவுதான். டபிள்யூ ஆர் எக்ஸ் போன்ற காருக்கு மூன்று அங்குலம் தாராளம். அதைவிடப் பெரியது அடியில் இடிக்கும். வேகத்தடை மேட்டிலும் தோட்டச் சாலைக் குழியிலும் உரசும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டவுன்பைப்பை மூன்று அங்குலமாக மாற்றிவிட்டு, அதற்குப் பின்னால் பழைய ஒடுக்கக் குழாயும் அடைத்துப்போன சைலன்சரும் கிடந்தால், பெரிய வாய்க்காலைச் சின்ன மதகில் கொண்டு போய் முடித்த கதைதான்.

"இத்தனை குதிரைத்திறன் கூடும்" என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். அந்த எண் வேறொரு காரில், வேறொரு பெட்ரோலில் எடுத்தது. நம் காரில் என்ன கூடியது என்பதை, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் டைனோ மேடையில் ஏற்றித்தான் அறிய முடியும். ஓட்டுபவருக்கு முதலில் தெரியும் மாற்றம் டர்போ சற்று முன்னதாக விழித்துக்கொள்வது. உச்ச வேகத்தைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவதுண்டு.

தேன்கூட்டை எடுத்து எறியலாமா?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான இடம். பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டும். நிறுவனம் பொருத்திய டவுன்பைப்பின் உள்ளே, அல்லது அதை ஒட்டி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்னும் பாகம் இருக்கும். பட்டறைக்காரர்கள் சுருக்கமாக "கேட்" என்பார்கள். உள்ளே பார்த்தால் தேன்கூடு போலச் சின்னச் சின்னத் துளைகள். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களை மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். எரிந்தும் எரியாமலும் வரும் பெட்ரோல் ஆவி, கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் இந்தப் பூச்சு பெருமளவு தீங்கற்றதாக மாற்றிவிடுகிறது.

கேட் இல்லாத வெறுங்குழாயும் கடையில் கிடைக்கும். விலை குறைவு, புகைக்குத் தடையும் குறைவு, சத்தமோ அதிகம். பையன்கள் பலர் ஆசைப்படுவது இதைத்தான். விலை ஏன் குறைவு என்றால், அந்த உலோகங்கள் அதில் இல்லை. இல்லாததை நாம்தான் சுவாசிக்கிறோம். லயத்து வீடுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று நமக்குத் தெரியும். ஒரு வீட்டு வாசலுக்கும் அடுத்த வீட்டுச் சமையலறைச் சன்னலுக்கும் எத்தனை அடி? காலையில் எஞ்சின் சூடேறட்டும் என்று வாசலில் பத்து நிமிடம் ஓடவிட்டால், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும். தாமான் மாடி வீடுகளின் மூடிய கார் நிறுத்துமிடங்களில் இன்னும் மோசம்.

நடுவழி ஒன்று உண்டு. "ஹை-ஃப்ளோ கேட்" என்று விற்கிறார்கள். நிறுவனத்துக் கேட்டில் சதுர அங்குலத்துக்குப் பொதுவாக 400 முதல் 600 துளைகள் இருக்கும். இதில் 200 அல்லது 300 துளைகளும், பீங்கானுக்குப் பதில் மெல்லிய உலோகத் தகடும் இருக்கும். புகை எளிதில் போகும். சுத்தமும் ஓரளவு நடக்கும். நிறுவனத்துக் கேட் அளவுக்குச் செய்யும் என்று நம்பிவிட வேண்டாம். மலிவானவற்றில் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும். சில மாதங்களில் செத்துவிடும். சிலவற்றில் வெளியே கேட் போல உருண்டையாக இருக்கும், உள்ளே ஒன்றுமே இருக்காது. குழாயின் ஒரு முனையில் டார்ச் விளக்கு அடித்து மறு முனையில் பார்த்தால் தேன்கூடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு மெக்கானிக் படிப்பு தேவையில்லை, தாயாரே செய்யலாம்.

என் கருத்தைக் கேட்டால், சாலையில் ஓடும் காருக்கு ஹை-ஃப்ளோ கேட் உள்ள குழாய்க்கும் கீழே இறங்கக் கூடாது. வெறுங்குழாய் பந்தயத் திடலுக்கு உரியது.

எஞ்சினை உடைப்பது எது?

பையன்கள் பலர் குழாய்க்கு மட்டும் பணம் சேர்க்கிறார்கள். அதில்தான் ஆபத்து. காரில் ஈசியூ என்னும் கணினி, பழைய ஒடுக்கக் குழாயை மனத்தில் வைத்தே காற்றுக்கும் பெட்ரோலுக்கும் கணக்கு வைத்திருக்கிறது. டர்போவில் வேஸ்ட்கேட் என்று ஒரு சின்னக் கதவு இருக்கும். அழுத்தம் போதுமான அளவு வந்ததும் அது திறந்து, மிச்சப் புகையைச் சக்கரத்தைச் சுற்றாமல் வெளியே விட்டுவிடும். குழாயைத் திடீரென்று விசாலமாக்கினால் சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுழல்கிறது. சின்னக் கதவு முழுதாகத் திறந்தும் சமாளிக்க முடியாமல் போகலாம். 14 பவுண்டில் நிற்க வேண்டிய அழுத்தம் மெல்ல மெல்ல 17, 18 என்று ஏறும். காற்று கூடுகிறது, அதற்கேற்ற பெட்ரோல் வரவில்லை. எரிதல் கட்டுக்கடங்காமல் வெடிப்பாக மாறுகிறது. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைகிறது. சுபாரு எஞ்சின் வைத்திருப்பவர்கள் இந்தக் கதையை நன்றாக அறிவார்கள்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஜப்பான் சந்தைக்காகச் செய்த டர்போ கார்களும், ஹாஃப்-கட் கடைகளில் வாங்கிப் பொருத்தும் எஞ்சின்களும், அங்கே கிடைக்கும் சுமார் 100 ஆக்டேன் பெட்ரோலுக்காக அமைக்கப்பட்டவை. இங்கே பெரும்பாலும் நாம் ஊற்றுவது 95, மிஞ்சிப்போனால் 97. எஞ்சின் ஏற்கெனவே விளிம்பில்தான் நிற்கிறது.

ஆகவே குழாய் மாற்றினால் ஈசியூவையும் அதற்கேற்ப டியூன் செய்தே ஆக வேண்டும். நாம் வழக்கமாக ஊற்றும் அதே பெட்ரோலை ஊற்றி, அழுத்தத்தையும் எரிகலவையையும் அளந்து செய்கிற ஆள் வேண்டும். "சும்மா மாட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்கிற பட்டறையிலிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடலாம். கேட்டின் வேலையைக் கண்காணிக்கும் ஆக்சிஜன் சென்சார் ஒன்று பின்னால் இருக்கும். கேட் இல்லாவிட்டால், அல்லது பலவீனமாக இருந்தால், முகப்பில் எஞ்சின் விளக்கு எரியும். கருவியில் பார்த்தால் பி 0420 என்று வரும். விளக்கை அணைத்துத் தருகிறேன் என்பார்கள். அணைந்த விளக்கு, நாளை வேறொரு கோளாறு வரும்போதும் எரியாமல் போகலாம்.

மூவாயிரம் வெள்ளி இருந்தால் அதில் ஒரு பகுதியை முதலிலேயே டியூனுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் குழாய் பார்க்க வேண்டும். மிச்சம் போதவில்லை என்றால் இந்த ஆண்டு குழாய் வேண்டாம். பழைய காரின் எண்ணெய், டைமிங் பெல்ட், பிரேக், டயர் ஆகியவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது அதைவிட அவசரம்.

குழாயைக் கையில் எடுத்து

வாங்குவதென்று முடிவான பின் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சாதாரண இரும்புக் குழாய் மலிவு. நம் மழைக்குச் சில ஆண்டுகளில் துருப்பிடிக்கும். துருவேறா எஃகில் 409, 304 என்று வகைகள் உண்டு. 304 துருவை நன்றாகத் தாங்கும், விலையும் கூட. காந்தம் ஒட்டினால் அது 304 அல்ல என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் ஒட்டாததாலேயே 304 என்று முடிவு கட்டக் கூடாது. 201 என்னும் மலிவு வகையிலும் காந்தம் அவ்வளவாக ஒட்டாது.

வளைவுகளைத் தடவிப் பாருங்கள். வளைந்த இடத்திலும் குழாய் அதே உருண்டையாக இருக்க வேண்டும். நசுங்கியோ சுருங்கியோ இருந்தால் மூன்று அங்குலத்துக்குக் கொடுத்த பணம் அங்கேயே வீண். வெல்டிங் உள்பக்கமும் சுத்தமாக இருக்கிறதா, டர்போவில் உட்காரும் தட்டு தடிப்பாகவும் மேடு பள்ளமின்றியும் இருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் மாட்டும் துளைகள் பழைய குழாயில் உள்ள இடத்திலேயே இருக்க வேண்டும். இடையில் பின்னல் போட்ட நெளியும் துண்டு ஒன்று இருப்பது அவசியம். எஞ்சின் குலுங்கும்போது அந்தத் துண்டுதான் வளைந்து கொடுக்கும். இல்லாவிட்டால் ஒரு நாள் வெல்டிங் விரியும்.

இந்த சுபாருவில் வேஸ்ட்கேட்டின் வாயும் டர்போவின் வாயும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. சில குழாய்களில் இரண்டுக்கும் பொதுவாக மணி போல் அகன்ற வாய் வைப்பார்கள். சிலவற்றில் வேஸ்ட்கேட் புகைக்குத் தனிக் குழாய் வைத்துக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். எது சிறந்தது என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். ஒழுங்காகச் செய்திருந்தால் இரண்டும் சாலைக் காருக்குப் போதும். அரைகுறையாகச் செய்த தனிக் குழாயைவிட நல்ல மணி வாய் மேல்.

மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போட விடாதீர்கள். பழைய துருப்பிடித்த போல்ட்டை அவசரப்பட்டுத் திருகினால் டர்போவின் உள்ளேயே முறியும். எண்ணெய் தெளித்து ஊறவைத்து எடுக்கிற பொறுமை மெக்கானிக்குக்கு வேண்டும். டர்போவுக்குள் நுழையும் புகை 900 டிகிரி வரை சூடேறக்கூடும் என்பதால், நிறுவனம் வைத்த வெப்பத் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிடக் கூடாது. அருகில் ஓடும் ஒயர்களும் ரப்பர்களும் உருகும். சுடச்சுட வந்த காரைக் காய்ந்த லாலாங் மேல் நிறுத்துவதும் வேண்டாம். தீப்பிடித்தால் கார் மட்டுமா போகும்?

இணைப்பில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழாய் மாற்றிய பிறகு காரில் போகும்போது தலைவலியோ தலைச்சுற்றலோ வந்தால், வெயில் என்று விட்டுவிடாமல் உடனே சன்னலைத் திறந்து, இறங்கி, காரைச் சோதிக்கக் கொடுங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், அதே ஆண்டின் மோட்டார் வாகன ஒலி விதிகள், 1996-இன் பெட்ரோல் எஞ்சின் புகை விதிகள் ஆகிய மூன்றும் இந்தக் குழாயைத் தொடுகின்றன. சாலையில் ஜேபிஜே அதிகாரி நிறுத்தினால் "கடைக்காரர் சரி என்றார்" என்பது பதிலாகாது. சிங்கப்பூருக்கு ஓட்டிப் போகிறவர்கள் அங்குள்ள விதிகளையும் தெரிந்துகொண்டே போக வேண்டும். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்காமல் விட்டால் விபத்து நாளில் சிக்கல் வரும்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. டவுன்பைப் மாற்றினாலும் பின்னால் நல்ல சைலன்சர் இருந்தால் கார் அமைதியாகவே ஓடும். பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் எழ வேண்டியவர்கள். இரவு பதினொரு மணிக்கு லயத்தில் காரை உறுமவிடுகிறவனுக்கு இது தெரியாததல்ல. அவனும் அதே லயத்தில் வளர்ந்தவன்தான்.

அந்தத் தாயாரிடம் இவ்வளவையும் சொன்னேன். பையனை இரண்டு சீட்டு எழுதி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்: ஒன்று குழாய்க்கு, இன்னொன்று டியூனுக்கு. இரண்டின் கூட்டுத்தொகையைப் பார்த்த பிறகுதான் பணம் என்று சொல்லிவிட்டாராம். எந்தக் குழாய் என்பதை அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

வாங்குபவர்களுக்கு இன்னும் ஒன்று. கழற்றிய பழைய குழாயைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள கேட்டுக்காகவே நல்ல விலை கேட்பார்கள். துணியில் சுற்றி, எண்ணெய் தடவிய போல்ட்டுகளோடு கட்டிலுக்கு அடியில் வையுங்கள். காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் நாளிலோ விற்கும் நாளிலோ அதைத் தேட வேண்டி வரும்.